இருபத்துநாலாம் தட்டு

வரிசை ஒன்பது மடிப்பாக மடிந்து கிடந்தது. வந்து நின்றதும் தவசிலிங்கம் செய்த முதல் காரியம் அதை எண்ணியதுதான். மடிப்புக்கு இருபத்தைந்து பேர். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கோடியில் இருந்த சாம்பல் நிறக் கதவு மேலே ஏறி, ஒரு மடிப்பு ஆட்களை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கியது. இப்போது அவர் நிற்பது ஐந்தாவது மடிப்பு. முன்னால் நான்கு. நாலேழு இருபத்தெட்டு. இருபத்தெட்டு நிமிடம் கழித்து அவர் இருபத்துநாலு பேர் முன்னால் வாயைத் திறந்தாக வேண்டும். காய்கறிக் கடையில்கூட விரலை நீட்டித்தான் அவர் கத்தரிக்காய் வாங்குவார். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு வரக்கூடாத பயம் இது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசுக்குள் சொல்லும்போது எந்தச் சொல்லும் தடுக்கவில்லை, எப்போதும் தடுத்ததில்லை, உள்ளே எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடும், உதட்டு வாசலுக்கு வந்ததும்தான் யாரோ குறுக்கே கட்டையைப் போடுவார்கள். சென்னைக்குத் தெற்கே கடலோரச் சாலையில் இந்தப் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள் கட்டியிருக்கும் புதிய பகுதிக்கு நாரைத்தளம் என்று பெயர். அவர் ஐம்பது வருடமாகப் படிக்கிற ‘நாரைக் கப்பல்’ சித்திரக்கதையில் வருகிற அதே விண்கப்பல், அதே ஏணி, அதே துருப்பிடித்த செம்மஞ்சள் சுவர். சும்மா பார்த்துவிட்டு வருகிற இடமில்லை. உள்ளே போகிறவர் ஒவ்வொருவரும் கப்பல் ஆள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அங்கே வேஷம் கட்டி நிற்பவர்கள் உங்களை நிஜமான கப்பல் ஆளாகவே நினைத்துப் பேசுவார்கள், நீங்களும் அப்படியே பதில் பேச வேண்டும். இன்று ரசிகர்களுக்கு மட்டும். ரசிகர்தானா என்று பார்க்க அறுபது கேள்வி கேட்டிருந்தார்கள். தங்கச்சி மகன் தன் கைப்பேசியில் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்க, இவர் துண்டுத் தாளில் பதிலை எழுதி எழுதி நீட்ட, அறுபதுக்கு அறுபது. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்ததாம், அதை அவன் படிக்காமல் விட்டுவிட்டான், இவரும் கேட்காமல் விட்டுவிட்டார், அச்சகத்தில் ஒரு தாள் குறைந்தால் தாள்கட்டு முழுவதையும் பிரித்து மறுபடி எண்ணுகிற மனிதர். ஒவ்வொரு குழுவிலும் அதிக மதிப்பெண் வாங்கியவர்தான் ‘அழைப்பவர்’. காலையில் வாசலில் மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்ட பையன் சொல்லித்தான் தெரிந்தது. குழுவில் மற்ற எல்லோருக்கும் பச்சை. இவருக்கு மட்டும் மஞ்சள். தெரிந்திருந்தால் இரண்டு கேள்விக்கு வேண்டுமென்றே தப்பாக எழுதியிருப்பார். இரண்டு போதாது என்றால் நாலு.

“வயசானவகளுக்கு மஞ்சள் போல” என்றாள் அவர் மனைவி ராஜபுஷ்பம். அவளுக்கும் வயது அறுபத்துமூன்று, அவள் கையில் பச்சை, அது அவளுக்குத் தோன்றவில்லை. அவர் தலையை ஆட்டி வைத்தார். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. அவள் முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வரிசையின் இரும்புக் குழாயில் பாதி உட்கார்ந்து, சுற்றிலும் வெள்ளித் துணியும் தலைக்கவசமுமாக நிற்கிற பிள்ளைகளைக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “பொருட்காட்சின்னா டெல்லி அப்பளம் இருக்கும். இங்க உண்டாங்க?” அவர் கையை விரித்தார். “நீங்க எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுறீக? கொஞ்சம் தண்ணி குடிங்க.” குடித்தார். தண்ணீர் இறங்கிய இடத்தில்தான் அந்தக் கட்டை இருந்தது, அதைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. கதவு ஏறியது. இருபத்தைந்து பேர் உள்ளே போனார்கள், அதில் ஒரு மஞ்சள் பட்டை இருந்ததா என்று எக்கிப் பார்த்தார், இருந்தது, ஒரு கண்ணாடி போட்ட பெண், கையை வீசிக்கொண்டு சிரித்தபடி போனாள். கதவு இறங்கியது. இருபத்தொன்று.

கப்பலுக்குள் என்ன நடக்கும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இந்த வரிசையில் யாரும் இருக்க முடியாது, ஏனென்றால் அவர் அதை மற்றவர்களைப் போல முதல் பக்கத்திலிருந்து படித்தவரில்லை. சிவகாசியில் அச்சகத்தில் தாள் எண்ணுகிற வேலை. பத்தொன்பது வயதில் ஒரு காலை மேஜையில் வந்து விழுந்த கட்டின் மேல் தாளில், எட்டுப் பக்கங்கள், பாதி நேராகவும் பாதி தலைகீழாகவும், மடித்து வெட்டுவதற்கு முன் தாள் அப்படித்தான் இருக்கும், இருபத்தேழாம் பக்கத்துக்குப் பக்கத்தில் வேறேதோ பக்கம் கால்மாடு தலைமாடாகப் படுத்திருக்கும். அதில் அவர் கண்ணில் முதலில் பட்டது ஒன்றுமே நடக்காத கட்டங்கள். ஒரு இரும்புச் சுவர். ஒரு கடிகாரம். அடுத்த கட்டத்திலும் அதே சுவர், முள் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அடுத்ததிலும். எண்ணினார். பதினொரு கட்டம். பேச்சு இல்லை, மனிதர் இல்லை. அச்சில் ஏதோ விட்டுப்போயிற்று என்றே நினைத்தார். பிறகு அன்று சாயங்காலம்வரை தாளைத் திருப்பித் திருப்பி வைத்து, முடிவிலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து தொடக்கத்துக்குமாகத் தாவி, என்ன கதை என்று கண்டுபிடித்தார். கப்பல் புறப்படுமுன் வேணி என்கிற மொட்டைத்தலைப் பெண் ஆட்களை எண் சொல்லி அழைப்பாள். அவள்தான் அழைப்பவள். வெளியே சுவரில் தொற்றிக்கொண்டு வேலை பார்க்கும் இருபத்துநாலு பேருக்கும் கவசத்துக்குள்ளிருந்து பேசுகிற வசதி இல்லை. அவரவர் எண் வரும்போது சுவரை ஒரு தட்டுத் தட்டுவார்கள். ஒன்று, டொக். இரண்டு, டொக். இருபத்துமூன்று வரை வந்துவிட்டது. இருபத்துநாலிடமிருந்து தட்டு வரவில்லை. பின்னால் எரிகல் கூட்டம் வருகிறது. எல்லோரும் வேணியைப் பார்க்கிறார்கள். வேணி காத்திருக்கிறாள். அந்தப் பதினொரு கட்டமும் அந்தக் காத்திருப்புதான். பன்னிரண்டாவது கட்டத்தில், சின்னதாக, ஒரு டொக். அதைப் பார்த்தபோது தாளெண்ணும் மேஜையில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளில் ஈரம் பட்டால் மேஸ்திரி தோலை உரித்துவிடுவார் என்று முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு முப்பத்தெட்டுப் புத்தகம் வந்தது, தொலைக்காட்சியில் பொம்மைப் படமாக வந்தது, எதைப் பார்த்தாலும் அவர் அந்த இருபத்துநாலாவது ஆளாகவே இருந்தார். சுவருக்கு வெளியே, தட்ட முடியாமல். தனக்காக ஒரு கப்பல் நிற்கிறது என்கிற நினைப்பிலேயே இந்த ஐம்பது வருடமும் போயிற்று. இப்போது கொண்டுபோய் வேணியின் இடத்தில் நிறுத்தப் போகிறார்கள். யாரோ தாளைத் தலைகீழாகப் போட்டு அடித்துவிட்டார்கள்.

கதவு. பதினான்கு. அவர் கையில் விரல்கள் தாமாகவே கட்டைவிரலின் நுனியைத் தொட்டுத் தொட்டு ஓடின. ஒருவேளை வந்துவிடும். ஒரு சொல்தானே. எண்தானே. ‘ஒன்று’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மனசுக்குள் சொன்னார், ஒன்று, ஒன்று, ஒன்று, தேன் மாதிரி வந்தது. உதட்டை லேசாகத் திறந்து காற்றோடு சொல்லிப் பார்த்தார். தொண்டைக்குள் கதவு இறங்கியது. எப்போதும் உயிரெழுத்தில் ஆரம்பிக்கிற சொல்தான் முதலில் மாட்டும், அதற்கு ஒரு பிடியும் கிடையாது, வழுக்குப் பாறை. உள்ளேன் ஐயா. அந்த இரண்டு சொல்லும் அப்படித்தான் மாட்டின. ஏழாம் வகுப்பில் புது வாத்தியார் வந்தார், நல்ல மனிதர்தான், கண்டிப்பானவர், பேரைக் கூப்பிட்டால் உடனே குரல் வர வேண்டும், தலையை நிமிர்த்திப் பார்க்க மாட்டார், பேனா வருகைப் பதிவேட்டின் மேலேயே நிற்கும். தவசிலிங்கம். மூன்றாவது பெஞ்சில் எழுந்து நிற்பார். உ, உ, உ. பின்னாலிருந்து எவனாவது கோழி மாதிரி கொக்கரிப்பான். வகுப்பு சிரிக்கும். வாத்தியார் ஒரு மூச்சு நேரம் பொறுப்பார், ஒரே மூச்சு, பிறகு பேனா கோடு போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடும். கண் முன்னால் நிற்கிற பையன் வரவில்லை என்று. அந்த வருடம் பதிவேட்டில் அவர் வராத நாள் முப்பத்தாறு. உண்மையில் வராத நாள் மூன்று, காய்ச்சல். மீதி முப்பத்துமூன்று நாளும் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். வருகை போதாது என்று கடிதம் வந்தபோது அம்மா, பள்ளிக்கூடத்துக்கென்று சொல்லி எங்கேடா போய்ச் சுற்றினாய் என்று அடித்தாள், அங்கேதான் இருந்தேன் என்று சொல்லவும் அதே வழுக்குப் பாறையில்தான் ஏற வேண்டியிருந்தது, அடி முடிகிறவரை ‘அ’ முடியவில்லை. எட்டாம் வகுப்புக்கு அவர் போகவில்லை.

அச்சகத்தில் முதல் நாள் சங்கிலிமுத்து மேஸ்திரி ஒரு கட்டுத் தாளை முன்னால் போட்டு, எண்ணுடா, சத்தமா எண்ணு, எனக்குக் கேக்கணும் என்றார். ஒ, ஒ, ஒ. அவ்வளவுதான், இந்த வேலையும் போயிற்று என்று நினைத்தபோது மேஸ்திரி, அவர் அதற்கு முன் நெல் மண்டியில் அளவுக்காரராக இருந்தவர், எரிச்சலோடு, “ஒன்னுன்னு எவன்டா ஆரம்பிக்கச் சொன்னான்? மண்டியில ஒன்னுன்னு அளந்தா மொதலாளி செருப்பால அடிப்பாரு. லாபம்னு ஆரம்பி” என்றார். லாபம், ரெண்டு, மூணு. மரக்கால் தூக்குகிறவர்கள் முதல் அளவை அப்படித்தான் சொல்வார்கள். அன்று அது ஒருமுறை வந்தது. இருபத்துநாலு தாள் ஒரு குயர், அந்தக் குயர் முழுக்க வாய்விட்டு எண்ணினார். மேஸ்திரிக்குத் திருப்தி. அடுத்த நாளிலிருந்து சத்தமாக எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தாளின் மூலையை மடக்கி விசிறி மாதிரி விரித்தால் ஓரங்கள் படிப்படியாக நிற்கும், விரலை நாலு நாலாக ஓட்டினால் ஆறு ஓட்டத்துக்கு ஒரு குயர், நாற்பத்துநாலு வருடத்தில் ஒரு தாள் கூடியதில்லை, குறைந்ததில்லை. வாய் எதற்கு? கல்யாணத்துக்குப் பிறகு வாய்க்கு வேலை அடியோடு போயிற்று. ராஜபுஷ்பம் வந்த மூன்றாம் மாதமே கற்றுக்கொண்டுவிட்டாள், அவர் உதடு குவிந்தால் ‘புளி’, பிளந்தால் ‘எண்ணெய்’, கண் மேலே போனால் யாரோ ஒருவரின் பேர். அவர் பாறையில் ஏற ஆரம்பிக்கும்போதே அவள் மேலேயிருந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவாள். டாக்டரிடம், வங்கியில், சொந்தக்காரர்களிடம், எல்லா இடத்திலும் அவருடைய வாக்கியத்தை அவள் முடித்தாள். அன்பினால்தான். நாற்பத்தொரு வருடத்தில் அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. ஆனால் ஒருமுறைகூடக் காத்திருந்ததும் இல்லை. இதை இன்றுவரை அவர் நினைத்துப் பார்த்ததில்லை, இந்தப் பாழாய்ப்போன வரிசையில் நிற்பதால் வருகிறது, நன்றிகெட்ட நினைப்பு, என்று அதைத் தள்ளிவிட்டார். அவளைப் பேர் சொல்லியும் அவர் அழைத்ததில்லை. வேண்டுமென்றால் கதவு நிலையில் இரண்டு தட்டு. டொக் டொக். அவள் எங்கே இருந்தாலும், கிணற்றடியில் இருந்தாலும், “இந்தா வந்துட்டேன்” என்று குரல் வரும்.

“பதினாறுதான், நான் எண்ணிட்டேன். போஸ்டர்லயும் பதினாறு, வெளியில நிக்கிற கப்பல்லயும் பதினாறு.” முன்னால் நின்ற பெண் தன் சிநேகிதனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும், மொட்டைத்தலை மாதிரி தெரிவதற்காக முடியைத் தோல் நிறத் தொப்பிக்குள் திணித்திருந்தாள், வேணி வேஷம், தொப்பியின் விளிம்பில் வியர்வை கட்டியிருந்தது. “ஹேமலேகா, நீ ஜன்னலை எண்ணினியா இல்ல ஓட்டை ஒடசலை எல்லாம் சேர்த்து எண்ணினியா?” என்றான் அவன். “போடா, உனக்கு நாப்பத்தொன்பது மார்க். நீயெல்லாம் கப்பல்ல கக்கூஸ் கழுவுற ஆளு.” “அங்க எடையே கிடையாது, கழுவுறது எப்படின்னு யோசி.” தவசிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. பதினேழு. மூன்றாவது புத்தகம், நாற்பத்துமூன்றாம் பக்கம், வேணி தனியாக உட்கார்ந்து வெளியே பார்க்கிற ஜன்னல், அது இறக்கைக்குப் பின்னால் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் இறக்கை மறைத்துவிடும், உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அது உண்டு. முப்பத்தேழாவது கேள்வி. இவர் பதினேழு என்று எழுதினார், அவர்கள் சரி என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இதைக் கட்டியவர்களில் ஒருத்தராவது இவரைப் போலவே உட்கார்ந்து எண்ணியிருக்க வேண்டும். அந்த நினைப்பு ஒரு கணம் நெஞ்சை இளக்கியது, உடனே அதற்கு வால் மாதிரி இன்னொரு பயம் வந்தது. அவ்வளவு சரியாகக் கட்டியிருந்தால்? அந்தச் சுவர், அந்தக் கடிகாரம், எல்லாம் அப்படியே இருந்து, நடுவில் தான் மட்டும் உ, உ, உ என்று நின்றால்? தப்பாகக் கட்டியிருந்தால்கூடத் தேவலை. அட்டைக் கப்பலில் அவமானப்பட்டால் அட்டைதானே என்று வீட்டுக்குப் போய்விடலாம். சரியான கப்பலில் அவமானப்பட்டால் பிறகு அந்தப் பதினொரு கட்டத்தை எடுத்துப் பார்க்க முடியுமா? முப்பத்தெட்டுப் புத்தகத்தையும் பரணில் போட வேண்டியதுதான்.

கதவு. ஏழு. எட்டாவது மடிப்பின் திருப்பத்தில் இரும்புக் குழாய் ஓர் ஆள் அகலத்துக்கு விட்டிருந்தது. பச்சைப் பலகை: உடல்நலம் சரியில்லாதவர்கள் இவ்வழியே வெளியேறலாம். அந்தப் பக்கம் வேப்ப மரமும் ஒரு பெஞ்சும் தெரிந்தன. பெஞ்சில் யாரும் இல்லை. அவர் அதைப் பார்த்த விதத்தில் அது ஏற்கெனவே அவருடைய பெஞ்சாகிவிட்டது. மேலே ஒலிபெருக்கி கப்பல் பாஷையில் சொல்லியது: அழைப்பவர் மேடையேறியதும் சிவப்பு எண் ஓடும், முப்பது விநாடிக்குள் அழைப்பு வராவிட்டால் கப்பலின் இயந்திரக் குரலே அழைப்பை எடுத்துக்கொள்ளும், யாரும் கவலைப்பட வேண்டாம், பயணம் தாமதமாகாது. யாரும் கவலைப்பட வேண்டாம். முப்பது விநாடி. வாத்தியாரைவிட அதிகம்தான், வாத்தியார் ஒரு மூச்சு. ஆனால் கதையில் முப்பது விநாடி எங்கே இருக்கிறது? கதையில் வேணி காத்திருந்தாள், அவள் கையில் பேனா இல்லை. முப்பதாவது விநாடியில் ஒரு குரல் வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கும், தடங்கல் இல்லாத அழகான குரல், அவருடைய வாக்கியத்தை யாரோ முடிப்பது இது முதல் தடவையா என்ன. உண்மையாகவே உடம்புக்கு முடியவில்லை என்றுதான் தோன்றியது. கால் அந்த இடைவெளிப் பக்கம் திரும்பியதை அவர் பார்த்தார், அது வேறு யாருடைய காலோ போல இருந்தது. அப்போது ஹேமலேகா திரும்பினாள். மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள். “அங்கிள்! மஞ்சள்! நீங்கதான் அழைப்பவரா? அப்போ அறுபதுக்கு அறுபதா? நான் அம்பத்தொன்பது அங்கிள், எது தப்புன்னே தெரியல, ராத்திரி எல்லாம் தூக்கமே வரல!” அவர் இரண்டு கையையும் தூக்கி விரித்துக் காட்டினார், பத்து, பிறகு ஏழு. கப்பல் இருந்த பக்கம் தலையசைத்தார். இறக்கை மாதிரி முழங்கையை மடக்கி, அதற்குப் பின்னால் ஒரு விரலைச் சுட்டினார். அவள் வாயைப் பிளந்தாள். “நாப்பத்துமூணாம் பக்கம்! ஐயோ!” தலையில் அடித்துக்கொண்டாள், தொப்பி நழுவி ஒரு கொத்து முடி வெளியே விழுந்தது. “டேய், நாம எதுக்குடா உயிரோட இருக்கோம்?”

“என்ன அழைப்பவர்? இவுகளா?” என்றாள் ராஜபுஷ்பம். பெண் உற்சாகமாகச் சொல்லிவிட்டாள், உங்க வீட்டுக்காரர்தான் ஆன்ட்டி மேடையில ஏறி எல்லாரையும் எண் சொல்லிக் கூப்பிடணும், நாம தட்டணும், எல்லாம் தட்டினதும் கப்பல் கிளம்பும். ராஜபுஷ்பத்தின் முகம் கறுத்தது. எழுந்து நின்றாள், முழங்காலை மறந்து. அவர் அருகில் வந்து, அடிக்குரலில், “எதுக்குங்க உங்களுக்கு இந்த வம்பு? நான் வேணா அந்தப் பிள்ளைககிட்டச் சொல்றேன். நான் சொல்லிர்றேனே உங்களுக்குப் பதிலா. எண்தான, எனக்குத் தெரியாதா எண்ணு?” அவள் கண் அந்த இடைவெளியைப் பார்த்தது, வேப்ப மரத்தைப் பார்த்தது, பெஞ்சைப் பார்த்தது. “இல்லாட்டிப் போயிருவோமா? எனக்கும் காலு கடுக்குது.” அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி ஆயத்தமாக வந்து நின்றது, அவர் சரி என்றால் உடனே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அந்த நிம்மதியைப் பார்த்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தொரு வருடமாக அவர் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவளும்தான் நடுங்கியிருக்கிறாள். அவருடைய பயத்தில் பாதி அவளிடம் இருந்தது, அவர் எண்ணாமல் விட்ட பாதி. கதவு ஏறியது. உள்ளே இருட்டு. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் போனார், வழக்கமாக அவள்தான் பிடித்துக்கொண்டு போவாள்.

எல்லாம் இருந்தது. ஏணி, துரு, சுவர், கடிகாரம். வெள்ளை உடையில் ஒரு பெண், நிஜமாகவே மொட்டையடித்தவள், ஆட்களை வரிசையாகச் சுவரோரம் நிறுத்தினாள், ஆளுக்கு முன்னால் ஒரு இரும்புக் குழாய், பட்டையில் இருக்கிற எண் வரும்போது ஒரு தட்டு. ராஜபுஷ்பத்தைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினாள், துணைக்கு வந்தவர்களுக்குக் கடைசி எண். பிறகு இவரை மேடைக்கு ஏற்றி, ஒரு பித்தளைக் குழல் முன்னால் நிறுத்தி, தலை குனிந்து, “அழைப்பவரே, கப்பல் உங்கள் குரலுக்குக் காத்திருக்கிறது” என்றாள். விளக்கு அணைந்தது. சிவப்பில் 30 என்று எழுந்தது. 29. ஒன்று. ஒ. தொண்டைக்குள் கட்டை. 26. ஒ, ஒ. அந்தச் சத்தம் குழலுக்குள் போய்ப் பத்து மடங்காகி மேலேயிருந்து அவர் தலையிலேயே விழுந்தது. இருட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சிரிப்பு வரப்போகிறது. கோழி வரப்போகிறது. 21. வியர்வை கண்ணுக்குள் இறங்கிச் சிவப்பு கலங்கியது. வாத்தியார் பேனாவைத் தூக்கிவிட்டார். 18. ஓடிவிடலாம், எங்கே ஓடுவது, இருட்டு. இருட்டில் ராஜபுஷ்பத்தின் வளையல் ஒருமுறை குலுங்கியது, அவள் வாய் திறக்கப் போகிறாள், ஒன்று என்று கத்தப் போகிறாள், கத்தாதே, தயவுசெய்து கத்தாதே. அவள் கத்தவில்லை. 13. இடது கை குழலின் விளிம்பை ஒரு தாள்கட்டின் மூலையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மடங்கியது. மற்ற விரல்கள் ஓடத் தயாராக நின்றன. இருபத்துநாலு பேர், ஒரு குயர். ஒரு குயர்தானே. 9. எரிச்சலான ஒரு குரல் காதோரம், ஒன்னுன்னு எவன்டா ஆரம்பிக்கச் சொன்னான். 6.

“லாபம்” என்றார் தவசிலிங்கம்.

கப்பல் முழுக்க அது கேட்டது. யாருக்கும் புரியவில்லை. சிவப்பு 5-இல் நின்றது, மினுங்கியது. பிறகு சுவரின் அந்தக் கோடியிலிருந்து, கொஞ்சம் தயங்கி, ஒரு டொக். அது ஹேமலேகாவாகத்தான் இருக்க வேண்டும். ரெண்டு. டொக். மூணு. டொக். நாலில் நின்று மூச்சு வாங்கினார், நாலு நாலாக, அவசரமில்லை. எட்டில் மாட்டியது. சிவப்பு மறுபடி முப்பதிலிருந்து இறங்க ஆரம்பித்துப் பதினொன்று வரை வந்தது, யாரும் முடித்துவைக்கவில்லை, இருட்டில் யாருக்கும் அவர் உதடு தெரியாது, அவர்கள் நின்றார்கள், பிறகு எட்டு வந்தது, டொக் வந்தது. பதினாலு. பத்தொன்பது. இருபத்துமூணு. டொக். இருபத்துநாலு.

ஒன்றுமில்லை.

30. 28. இரும்புச் சுவர். கடிகாரம். “ஆன்ட்டி, தட்டுங்க” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். “எதை? எதையும்மா தட்டணும்? எனக்கு ஒன்னும் தெரியலையே.” ராஜபுஷ்பத்தின் குரல். அவர் கேட்டதே இல்லாத குரல். எல்லாம் தெரிந்தவள், எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பவள், இருட்டில் தன் எண் எது என்று தெரியாமல் நின்றாள், கண்ணாடி பைக்குள், பை வெளியே. 21. அவள் தடுமாறுவது அவருக்கு இங்கேயே தெரிந்தது. மூன்றாவது பெஞ்சில் எழுந்து நின்றவனுக்குத் தெரியாத தடுமாற்றமா. 17. வெள்ளை உடைப் பெண் உதவிக்கு ஓரடி நகர்ந்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். இருக்கட்டும். அவள் வருவாள். 12. எண்ணிக்கொண்டே நின்றார், கட்டம் கட்டமாக, ஏழு, எட்டு, ஒன்பது. பிறகு மடக்கிய விரலால், நிலைக்கதவில் தட்டுகிற அதே கனத்தில், பித்தளைக் குழலை இரண்டு முறை தட்டினார். டொக் டொக்.

“இந்தா வந்துட்டேன்!” என்றாள் ராஜபுஷ்பம். சொன்ன வேகத்தில் ஓரடி எடுத்து வைத்தாள் போலிருக்கிறது. இருட்டில் முன்னால் இருந்த குழாயில் அவள் வளையல் மோதியது.

சிவப்பு அணைந்தது. காலுக்கடியில் தரை அதிர ஆரம்பித்தது, யாரோ கத்தினார்கள், யாரோ கை தட்டினார்கள். கப்பலின் பக்கச் சுவரில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, தரையில் வெளிச்ச வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மேடையில் குழலைப் பிடித்தபடியே அவர் எண்ணினார். பதினாறு வந்ததும் நின்றது. இறக்கைப் பக்கம் இருட்டாகவே கிடந்தது. அவர் அந்த இருட்டைப் பார்த்துக் காத்திருந்தார்.